சத்தம் வைக்காமல் பார்த்த சண்டை

கல்யாணமாகித் திருநகர் வீட்டுக்கு வந்த முதல் ஒன்றரை வருடம் என் மாமனார் என்னோடு நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. திட்டியதும் இல்லை. திட்டியிருந்தால் நானும் திருப்பிக் கொடுத்திருப்பேன், கணக்குத் தீர்ந்திருக்கும். இவர் நான் எதிரில் நிற்கும்போதே அத்தையைக் கூப்பிட்டு, “மோட்டார அணைக்கச் சொல்லு, டேங்க் நெறஞ்சு ஊத்துது” என்பார். அத்தை என் பக்கம் திரும்பி, “மோட்டார அணைச்சிரும்மா” என்பார். நான் அத்தையிடம், “அணைச்சிட்டேன்னு சொல்லுங்க அத்தை” என்பேன். அத்தை அவர் பக்கம் திரும்பி அதையும் சொல்வார். மூன்று பேரும் நிற்பது ஒரே சமையலறையில்தான்.

நான் செய்த குற்றம், அவருடைய ஒரே மகன் அவரைக் கேட்காமல் என்னைப் பிடித்துக்கொண்டது. போதாததற்கு நாங்கள் உசிலம்பட்டியில் மாதா கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கக் குடும்பம். அவர் மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், புராட்டஸ்டண்ட் சபையில் மூப்பர். இரண்டு வீட்டுச் சுவரிலும் தொங்குவது சிலுவைதான் என்றாலும் அந்தச் சிலுவைகளுக்கு நடுவில் எவ்வளவு தூரம் என்பது எங்கள் கல்யாணப் பேச்சின்போதுதான் எனக்கே தெரிந்தது. கல்யாணத்துக்கு வந்தார். போட்டோவுக்கும் நின்றார். எல்லோரும் கேமராவைப் பார்க்கிற அந்தப் படத்தில் அவர் மட்டும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், சீக்கிரம் போகவும் செய்யும். இந்த விஷயத்தில் மட்டும் போகவில்லை. பகலெல்லாம் விறைப்பாக இருப்பேன், குளிக்கப் போகிற சாக்கில் அழுதுவிட்டு வருவேன். என் கணவரிடம் சொன்னால், “அப்பா சரியாயிருவாரு, விடு” என்பார். சென்னைக்கும் மதுரைக்குமாக அலைகிற வேலை அவருக்கு. விடுவதற்கு அவருக்கு நேரம் இருந்தது, எனக்கு இல்லை.

அந்த வீட்டில் முதலில் எழுந்திருப்பவர் மாமாதான். விடியற்காலையில் பைபிளோடு முன் அறையில் உட்கார்ந்து டிவியில் பிரசங்கம் கேட்பார் என்று அத்தை சொல்லியிருந்தார். அவர் ஜெபத்தில் இருக்கும்போது யாரும் குறுக்கே போகக் கூடாது. நானும் காப்பியை அறை வாசலில் இருந்த ஸ்டூலில் வைத்துவிட்டு வந்துவிடுவேன். பிரசங்கத்தை ஏன் சத்தமில்லாமல் கேட்கிறார் என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை. அத்தையின் தூக்கம் கெடக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் காப்பியோடு போனபோது மாமா ரிமோட்டை உள்ளங்கையில் தட்டிக்கொண்டிருந்தார். பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. சேனல் மாறவில்லை. டிவியில் மலை மாதிரி இரண்டு பேர் ஒருவரை ஒருவர் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அமெரிக்க ரெஸ்லிங், நேரடி ஒளிபரப்பு. மாமா பைபிளைத் திறந்து குனிந்துகொண்டார். அவர் காது மடல் சிவந்திருந்தது.

அவருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. நான் இரண்டு அண்ணன்களுக்குப் பின்னால் பிறந்தவள். பயில்வான்களின் உயரமும் எடையும் மார்பளவும் போட்ட சீட்டுக்கட்டை வைத்து விளையாடி வளர்ந்தவள். பயில்வான் மாதிரி தலையணையோடு கட்டிலிலிருந்து தரையில் குதித்துத்தான் எனக்கு முதல் பல் விழுந்தது. கல்யாணமான பிறகு அந்த நிகழ்ச்சியைப் பார்க்கவே இல்லை. புது மருமகள் ரிமோட்டைக் கேட்பதெப்படி? அன்றைக்குத் திரையில் இருந்தவர்களில் ஒருவன் மொட்டைத்தலையன், பேர்போன அயோக்கியன், எனக்கு மிகவும் பிடித்தவன். கயிற்றுக்கு அடியில் கைவிட்டு ஒரு இரும்பு நாற்காலியை இழுத்துக்கொண்டிருந்தான். நடுவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது. ஆனால் அவரிடம் எப்படிப் பேசுவது? டிவியைப் பார்த்துச் சொன்னேன்: “பின்னாடி நாற்காலி எடுக்கிறான். இந்த ரெஃப்ரிக்குக் கண்ணு என்ன பொடணியிலயா இருக்கு?”

மாமா பைபிளில் ஒரு பக்கம் திருப்பினார். பிறகு பைபிளுக்கு மேலாக, டிவியைப் பார்த்து அவரும் சொன்னார்: “ரெஃப்ரிக்கு என்னைக்குத் தெரிஞ்சிருக்கு.”

அப்படித்தான் ஆரம்பித்தது. அன்று சாயங்காலமே யாரும் சொல்லாமல் ரிமோட்டுக்குப் புது பேட்டரி வாங்கி வந்து போட்டேன். வாரத்தில் இரண்டு விடியற்காலை எங்களுக்கு ரெஸ்லிங் இருந்தது. அமெரிக்காவில் குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தைப் பின்னால் தள்ளிவைக்கிற மாதங்களில் எங்கள் காப்பியும் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். அந்த நேரத்தில் எங்களுக்கு நடுவில் நின்று பேச்சைக் கைமாற்றிக் கொடுக்க அத்தை இல்லை. ஆகவே பயில்வான்களிடம் சொன்னோம். நெற்றியில் ரத்தம் வழிய ஒருவன் கிடப்பான். அவனைப் பார்த்து மாமா, “இன்னைக்குச் சீனி கொஞ்சம் தூக்கல்” என்பார். நான் நடுவரைப் பார்த்து, “நேத்துக் கொறச்சல்னு மொகத்தச் சுளிச்சாங்கள்ல, அதான்” என்பேன். நடுவர் பாவம், மூன்று எண்ணுவதற்காகத் தரையைத் தட்டிக்கொண்டிருப்பார்.

மாமாவின் ஆள் ஒரு தாடிக்காரர். வயதானவர், முழங்காலில் பட்டை கட்டியிருப்பார், ஒருநாளும் கள்ளாட்டம் ஆட மாட்டார், அதனாலேயே பாதி நாள் தோற்பார். மாமாவுக்கு அவர் மேல் அப்படி ஒரு பாசம். “நம்ம ஆளு” என்றுதான் சொல்வார். தாடிக்காரர் அடி வாங்கும்போது மாமாவின் கால் பெருவிரல் தரையை நெரிக்கும். நான் மொட்டையன் கட்சி என்பது அவருக்குத் தாங்காது. “நல்லது கெட்டது தெரியாத சனங்க இருக்கிற வரைக்கும் இவன மாதிரி ஆளுகளுக்குக் கொண்டாட்டந்தான்” என்று திரையிடம் குறைபட்டுக்கொள்வார். “நல்லவருக்கு முட்டி வலிச்சா வீட்ல இருக்கணும்” என்று நானும் திரையிடம் சொல்வேன். அவர் மீசைக்குள் சிரிப்பை அடக்குவது எனக்குத் தெரியும்.

ஒரு தடவை என் கணவர் எழுந்து வந்து பார்த்துவிட்டு, “எல்லாம் நாடகம். முன்னாடியே பேசி வச்சுக்கிட்டு அடிக்கிறானுங்க. இதப் போயி ரெண்டு பேரும்” என்றார். நாடகம் என்பது எங்களுக்குத் தெரியாதா? தெரிந்தேதான் பார்த்தோம். சொல்லப்போனால், பகலில் அந்த வீட்டில் நடந்ததும் அதுதான். நான் பேசுவது அவருக்குக் கேட்கும், அவர் பேசுவது எனக்குக் கேட்கும். இரண்டு பேரும் கேட்காத மாதிரி ஆடினோம், அத்தை நடுவராக நின்றார். முதலில் ஆட்டத்தைக் கலைப்பவர் யார் என்பதுதான் கேள்வி. அவர் வாத்தியார், நான் உசிலம்பட்டிக்காரி. நான் ஏன் கலைக்க வேண்டும்?

அதற்குள் நான் உண்டாகியிருந்தேன். ஒரு விடியற்காலை நான் வழக்கம்போல நிலையில் சாய்ந்து நின்றபோது, மாமா காலால் பிரம்பு நாற்காலியை என் பக்கம் தள்ளினார். “இந்த மாதிரி சமயத்துல நின்னுக்கிட்டே இருக்கக் கூடாது” என்றார், தாடிக்காரரிடம். அந்த நாற்காலியில் உட்கார்ந்து எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. அன்றே பகலில், “மாத்திரை போட்டாங்களான்னு கேளு” என்று அத்தையிடம் அனுப்பினார். எனக்கு மறுபடி எரிச்சலாக வந்தது.

வளைகாப்பு முடிந்து என்னைப் பிரசவத்துக்கு உசிலம்பட்டிக்கு அழைத்துப் போக அப்பாவும் அம்மாவும் கார் எடுத்து வந்தார்கள். அத்தை தலையில் கைவைத்து ஜெபம் பண்ணினார். மாமா படுக்கையறையிலிருந்து வெளியே வரவில்லை. காரில் ஏறுகிறவரை கதவைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.  ஒரு வார்த்தை, “போயிட்டு வா” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மனுஷனுக்கு என்ன குறைந்துபோயிருக்கும்? டிவிக்கு முன்னால் நடந்ததெல்லாம் டிவிக்கு முன்னால் மட்டும்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பிள்ளை பிறந்த பிறகும் முடிந்த மட்டும் அம்மா வீட்டிலேயே இருந்துவிடுவது என்று முடிவும் பண்ணிவிட்டேன்.

பிரசவத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது பெரிய போட்டி ஒன்று வந்தது. தாடிக்காரரும் மொட்டையனும் மோதுகிறார்கள், தாடிக்காரர் தோற்றால் அதோடு ஓய்வு, இனி சண்டை வளையத்துக்குள் கால் வைக்கக் கூடாது. ஒரு மாதமாக அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். திங்கட்கிழமை விடிந்தும் விடியாமலும் அம்மா வீட்டு டிவிக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்தேன். அங்கே சத்தம் வைத்தே பார்க்கலாம். ராத்திரி நல்ல மழை, காற்று.

சண்டை தொடங்கிய சமயம் என் போன் அடித்தது. திருநகர் வீட்டு எண். அந்த நேரத்தில் அந்த வீட்டிலிருந்து போன் என்றால் நல்ல சேதியாகவா இருக்கும்? அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்து, “யாருக்குடி என்ன?” என்றார். அத்தைக்கு ஏதாவது என்று நினைத்தே எடுத்தேன்.  அந்தப் பக்கம் தொண்டையைக் கனைக்கிற சத்தம். ஒன்றரை வருடம் சுவரைப் பார்த்தும் டிவியைப் பார்த்தும் கனைத்த அதே கனைப்பு.

“இங்க கரண்ட் இல்லம்மா” என்றார் மாமா.

நீட்டியிருந்த காலை மடக்கி நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“ராத்திரி ட்ரான்ஸ்பார்மர் வெடிச்சிருச்சு. தெருவே இருட்டாக் கெடக்கு. அத்தை தூங்குறா.” கொஞ்சம் நிறுத்தி, “நம்ம ஆளு என்ன பண்றான்?” என்றார்.

டிவி சத்தத்தைக் குறைத்தேன். சொல்ல ஆரம்பித்தேன். யார் யார் மேல் கிடக்கிறார், யார் கயிற்றைப் பிடித்து எழுகிறார், எல்லாம் சொன்னேன். அவர் பொறுக்கவில்லை. “முட்டியிலயா அடிக்கிறான்? எந்திரிச்சிட்டானா? ரெஃப்ரி எங்க?” என்று குடைந்தார். “மாமா, சொல்றேன்ல, செத்த சும்மா இருங்க” என்று அதட்டினேன். சும்மா இருந்தார். முதன்முதலாக நேராகப் பேசிய மாமனாரை இரண்டாவது நிமிடமே அதட்டிவிட்டேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அடுப்படி வாசலில் அம்மா கரண்டியோடு வாயைப் பிளந்து நின்றார்.

நடுவர் இடிபட்டுக் கீழே விழுந்தார். மொட்டையன் கயிற்றுக்கு அடியில் கைவிட்டான். எனக்கு அன்று அவனைப் பிடிக்கவே இல்லை. சொல்லிக்கொண்டிருந்ததை விட்டுவிட்டுத் திரையையே பார்த்தேன்.

“என்னம்மா?”

ஜெயித்துவிட்டார் என்று சொன்னால் என்ன? கரண்ட் வருகிறவரையாவது சந்தோஷமாக இருப்பார். ஆனால் அவரிடம் நேராகப் பேசக் கிடைத்த முதல் நாளில் பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

“தோத்துட்டாரு மாமா.”

“நாற்காலியா?”

“ஆமா மாமா.”

“ரெஃப்ரி?”

“அப்பக் கீழ கெடந்தான். இப்ப எந்திரிச்சு மூணு எண்ணிட்டான்.”

 தாடிக்காரர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பூட்ஸ் இரண்டையும் கழற்றி வளையத்தின் நடுவில் வைத்துவிட்டு வெறுங்காலோடு நடந்து போனார். அதையும் சொன்னேன்.  அவர் எனக்கு எதிர்க்கட்சி, ஆனாலும் அழுகை வந்தது. மாமா மூக்கை உறிஞ்சுவது போனில் கேட்டது.

வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

“நீ எப்பம்மா வாரே?” என்றார்.

“இன்னும் பிள்ளையே பெறக்கலையே மாமா.”

“அது சரி. பெறந்தப்பறம் மூணு மாசம், அஞ்சு மாசம்னு அங்க சொல்லுவாக. அம்புட்டு நாளெல்லாம் வேணாம்.” மறுபடி கனைத்தார். “நீ போனதுலருந்து விடியக்காலம் டிவியில சத்தமே இல்ல.”

அந்த டிவியில் விடியற்காலை என்றைக்கு மாமா சத்தம் வைத்தீர்கள் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

“வாரேன் மாமா” என்றேன்.