முதுகுக்குப் பின்னால் நடந்த ஆட்டம்

பள்ளி வேன் டிரைவரை எல்லாரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். சாவியைத் திருகும்போது திறக்கிற வாய், இன்ஜினை அணைத்த பிறகும் ஓயாது. சக்கர நாற்காலிகளை வேன் தரையோடு சேர்த்து பெல்ட் மாட்டும்போதுகூட, ஒரு பிள்ளையிடம் முந்தின நாள் கதையை முடித்துவிட்டுத்தான் அடுத்த பெல்ட்டுக்குப் போவார். அப்படிப்பட்டவரைப் பேசவும் கூடாது, திரும்பவும் கூடாது என்று உட்காரவைத்தது ஒரு விளையாட்டு.

அதன் பெயர் போச்சா. முதன்முதலாகக் கேட்டபோது, "பேரே போச்சான்னா எங்க டீச்சர் ஜெயிக்கறது?" என்றார். முதலில் ஒரு வெள்ளைப் பந்தை உருட்டுவார்கள். அதை யாருடைய பந்து நெருங்கி நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி, அவ்வளவுதான். பந்தை எறிய முடியாத பிள்ளைகளுக்கு ஒரு நீளமான சரிவுப் பலகை உண்டு. அதைப் பிடித்து நகர்த்த உதவியாளர் ஒருவர். அவர் ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டி, ஆடுகிற பிள்ளையின் முகத்தை மட்டும் பார்த்து உட்காரவேண்டும். சொன்னால்தான் அசைக்கலாம். திரும்பிப் பார்த்தால் எதிராளிக்கு ஒரு பந்து கூடுதல்.

பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து ஆடியவளுக்குப் பதினைந்து வயது. கைகால்கள் அவள் பேச்சைக் கேட்காது. வார்த்தையும் இழுத்து இழுத்துத்தான் வரும். நெற்றிப் பட்டையில் மாட்டிய கம்பியால் பந்தைத் தட்டிவிடுவாள். முதலில் அவள் அம்மாதான் பலகை பிடித்தார். மகள் "இட" என்பதற்குள் அம்மாவின் கை இடப்பக்கம் போய்விடும். பதினைந்து வருஷப் பழக்கம் ஒரு நாளில் போகுமா? நடுவர் இரண்டு தடவை எச்சரித்த பிறகு, மகளே அம்மாவை மாற்றினாள். வேனைக் குறுகலான கேட்டுக்குள் உரசாமல் நுழைக்கிற டிரைவர்தான் வேண்டும் என்றாள். டிரைவர் அன்றிலிருந்து அவளை மேனேஜர் என்றே கூப்பிட ஆரம்பித்தார்.

போன வருஷம் அரையிறுதியில் அவர் சொதப்பிவிட்டார். பின்னால் பந்தும் பந்தும் மோதுகிற சத்தம், கூட்டத்தில் ஒரு "ஐயோ". அவ்வளவுதான், கழுத்து தானாகத் திரும்பிவிட்டது. கூடுதலாகக் கிடைத்த பந்தில் எதிராளி ஜெயித்தான். மேனேஜர் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. வேனிலும் சத்தமில்லை. பிள்ளைகள் ரேடியோவுக்கு பேட்டரி தீர்ந்துவிட்டதா என்று கேட்டார்கள். வேறு ஆளைப் பாருங்கள் என்று அவர் விளையாட்டு டீச்சரிடம் சொல்லிப் பார்த்தார். மேனேஜர் ஒத்துக்கொள்ளவில்லை. பயிற்சியின்போது அவர் முதுகுக்குப் பின்னால் பக்கெட்டைப் போட்டு உடைக்கச் சொன்னாள். மூன்றாவது பக்கெட்டில்தான் கழுத்து அடங்கியது.

இந்த வருஷம் இறுதி ஆட்டம். நான்கு சுற்று முடிந்தும் சமம். முடிவுக்காக வைத்த ஐந்தாவது சுற்றில் எதிராளி தன் நீலப் பந்துகளை எல்லாம் உருட்டி முடித்திருந்தான். அவளிடம் ஒரே ஒரு சிவப்புப் பந்து மிச்சம். யாருடைய பந்து கிட்டே இருக்கிறது என்று டிரைவருக்குத் தெரியாது. அவள் கண்கள் கூட்டிக் கழிப்பது மட்டும் தெரிந்தது.

"இட... து," என்றாள். நகர்த்தினார். "இன்னும்." அரை விரல் நகர்த்தினார். "போதும்."

பிறகு, "பந்து... மேல."

அவருக்குக் குழப்பமானது. சரிவில் எவ்வளவு உயரத்தில் பந்தை வைக்கிறோமோ அவ்வளவு வேகம். காலையிலிருந்து பலகையின் நடுக்கோட்டைத் தாண்டவே இல்லை. மேலே வைத்தால் பந்து பாய்ந்து போய் எல்லாவற்றையும் சிதறடித்துவிடும். பதட்டத்தில் அவளுக்கு நாக்குப் புரளும். கீழே என்று சொல்ல வந்தவள் மேலே என்று சொல்லிவிட்டாளோ? கேட்கவும் முடியாது. பந்தைப் பிடித்த விரல்கள் நடுக்கோட்டிலேயே ஒட்டிக்கொண்டன.

"பதினஞ்சு செகண்ட்," என்றார் நேரம் பார்ப்பவர்.

"மே... ல," என்றாள் மறுபடி. முறைத்தாள்.

உச்சிக்கோட்டில் வைத்துவிட்டுக் கையை எடுத்தார். கம்பி பந்தைத் தொட்டது. கடகடவென்று இறங்கிய சத்தம். ஒரு மோதல். உடனே இன்னொன்று. கூட்டம் மூச்சை இழுத்தது. டிரைவரின் கழுத்து இந்தத் தடவை திரும்பவில்லை. அவர் அவள் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவளுடைய வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அது சிரிப்பா, வலியா என்று ஒன்பது வருஷம் கூட்டிவந்து கூட்டிப்போனவருக்கே அப்போது பிடிபடவில்லை. நடுவரின் காலடி பின்னால் போனது. குனிந்து அளக்கிறார் போலிருக்கிறது. வெகுநேரம் அளந்தார்.

அவள் கண்கள் தாழ்ந்தன. எதிர்ப்பக்கம் கைதட்டல் எழுந்தது.

அதற்கு மேல்தான் திரும்பிப் பார்த்தார். அவள் நினைத்தபடியே நீலப் பந்து அடிபட்டுத் தூரப் போயிருந்தது. ஆனால் வெள்ளைப் பந்தும் உருண்டு, ஓரத்தில் யாரும் கண்டுகொள்ளாமல் கிடந்த வேறொரு நீலப் பந்தின் பக்கத்தில் போய் நின்றிருந்தது. விரற்கடை வித்தியாசம்.

வெள்ளிப் பதக்கத்தை அம்மா கையில் கொடுக்கச் சொல்லிவிட்டு, அவள் வேனில் ஏறினாள். பெல்ட்டை மாட்டும்போது டிரைவருக்குப் பொறுக்கவில்லை.

"நடுக்கோட்டுலயே வச்சிருந்தா ஜெயிச்சிருப்பமா மேனேஜர்?"

"தெரியாது," என்றாள். கன்னம் நனைந்திருந்தது. "மேலன்னு... சொன்னது நான். தோத்ததும் நான். போன தடவ... தோத்தது நீங்க."

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அவர் பெல்ட்டையே இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இன்னும் முடிக்கவில்லை.

"மாமா, கை ஏன் நின்னுச்சு?"

நீ மாற்றிச் சொல்லிவிட்டாய் என்று நினைத்ததை ஒளிக்காமல் சொன்னார்.

"நான் தப்பா சொன்னாலும்... வைங்க," என்றாள். "திங்கக்கிழமை... அதான் பிராக்டிஸ்."

அவள் பள்ளியை முடிக்க இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. இரண்டு வருஷமும் அவர்தான் பலகை பிடித்தார். ஒரு வருஷம் முதல் சுற்றிலேயே வெளியே வந்தார்கள். மறு வருஷம் ஜெயித்தார்கள்.