கொழும்புக்குப் போகாத பெட்டி

எழுபது வயதைத் தாண்டியவன் "ஞாபகம் இல்லை" என்று சொன்னால் யாரும் இரண்டாவது முறை கேட்பதில்லை. அந்தச் சலுகையை நான் ஒரு முறை பயன்படுத்திக்கொண்டேன்.

கப்பல் ஏஜென்சி ஒன்றில் ஓய்வு பெற்ற பிறகு பெருங்குடியில் ஓர் அலுவலகம் என்னை வேலைக்கு வைத்துக்கொண்டது. அமெரிக்காவுக்குக் கடல்வழியாகச் சரக்கு இறக்குமதி செய்கிறவர்கள் சார்பாக, அந்நாட்டுச் சுங்கத்துறைக்கு முன்கூட்டியே விவரம் தாக்கல் செய்வது அங்கே தொழில். விற்பவர், வாங்குபவர், பொருளைச் செய்தவர், அது எந்த நாட்டுப் பொருள் என்பதெல்லாம் சரக்குப் பெட்டி கப்பலில் ஏறுவதற்கு இருபத்துநான்கு மணி நேரம் முன்பே அங்கே போய்ச் சேர வேண்டும். தாமதமானால் அபராதம் விழலாம், சரக்கை நிறுத்திப் பிரித்துப் பார்க்கலாம். ஒன்றும் நடக்காமலும் போகலாம். அந்தக் கடைசி வாய்ப்புதான் மனிதனைக் கெடுக்கிறது.

ஒருவர் தயாரிப்பார், ஒருவர் சரிபார்ப்பார். நான் சரிபார்ப்பவன். எனக்குத் தயாரித்துக் கொடுத்தவர் ஊரூர் மீனவர் குப்பத்துப் பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். பள்ளிக்குப் போகும் மகள் உண்டு. ஆறு மாதம் தற்காலிகம், பிறகு நிரந்தரம் என்ற ஏற்பாட்டில் சேர்ந்திருந்தார். அப்போது ஐந்தாவது மாதம்.

"எங்கப்பா கடல்ல போட்ட தள்றதுக்கு முன்னாடி யாருக்கும் எழுதிக் குடுத்தது இல்ல சார்," என்பார். "இங்க ஒரு டவராவுக்கு எத்தினி கேள்வி."

அந்த டவராக்கள் தியாகராய நகர்ப் பாத்திரக் கடை ஒன்றிலிருந்து நியூ ஜெர்சிக்குப் போகவேண்டியவை. பாத்திரங்களைச் செய்த பட்டறைகளின் பெயரைக் கேட்டால் கடைக்காரர் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் வாடிக்கையாளர் நேராகப் பட்டறைக்கே போய்விடுவார் என்ற பயம். "எல்லாம் நம்ம கடைதான் மேடம், கடை பேரையே போடுங்க" என்று இரண்டு முறை சொல்லிவிட்டார்.

அந்தப் பெண் என்னிடம் வந்தார். "சார், இப்போதைக்குக் கடை பேரை வச்சு அனுப்பிடவா? கரெக்ட் பேர் வந்தா அப்புறம் திருத்திக்கலாம் இல்ல?"

சுங்க விதி அதற்கு இடம் கொடுத்தது. நான் கொடுக்கவில்லை. நான் சரிபார்த்த எதையும் பிறகு திருத்த நேர்ந்ததில்லை என்று அலுவலகத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்.

"அவசரப்படாதீங்க. கொழும்புக்கு இன்னும் நாலு நாள் இருக்கு."

சென்னையில் இந்தத் தொழிலில் இருப்பவர்களின் பழக்கம் அது. நம் பெட்டிகள் பெரும்பாலும் சிறிய கப்பலில் கொழும்புக்குப் போய், அங்கே அமெரிக்கா செல்லும் பெரிய கப்பலுக்கு மாறும். அந்தப் பெரிய கப்பலில் ஏறும் நேரத்தை வைத்துத்தான் கணக்கு. ஆகவே இங்கே பெட்டி ஏறிய பிறகும் எங்களுக்கு நாட்கள் மிச்சமிருக்கும். ஆனால் இந்தப் பெட்டி நேராக அமெரிக்கா போகும் கப்பலில் பதிவாகியிருந்தது. அந்தப் பதிவுத் தாள் என் மேசைக்குத்தான் வந்தது. கப்பல் பெயரைப் பார்த்தேன். நேராகப் போகும் என்றிருந்த அடுத்த வரியைப் படிக்கவில்லை.

மூன்று நாள் கழித்து மதியம் அவர் என் மேசைக்கு அருகில் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார். "சார், இது கொழும்புல மாறல. நேரா போற கப்பல். நேத்து சாயந்திரமே ஏத்திட்டாங்க."

"உடனே அனுப்பிடுங்க, கடை பேரையே போட்டு. எல்லாத்தையுமா பார்க்கப்போறான்?"

"பாத்தான்னா இன்னா சார் பண்றது? அடுத்த மாசம் என் லெட்டர் வரணும்."

"நான் இருக்கேன்," என்றேன்.

அதன் பிறகு ஒரு மாதத்துக்கும் மேல் அந்தக் கப்பலை நான் போனில் பின்தொடர்ந்தேன். மயிலாப்பூரில் காலை நடை முடிந்ததும் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து, வரைபடத்தில் அந்தச் சிறு அம்புக்குறி எங்கே நிற்கிறது என்று தேடுவேன். வீட்டிலும் அதே வேலை.

"அப்படி என்னத்தப் பார்த்துண்டே இருக்கேள்?" என்றாள் மனைவி.

"மழை வருமான்னு."

"ஜன்னல் வழியாப் பார்த்தாலே தெரியுமே."

அலுவலகத்தில் அவர் தினமும் கண்ணாலேயே கேட்பார். இன்னும் இல்லை என்று நான் தலையை ஆட்டுவேன். கப்பல் கரை சேர்ந்தது. இரண்டு நாள் ஒன்றும் வரவில்லை. மூன்றாம் நாள் பெட்டியை நிறுத்திவிட்டார்கள் என்று மின்னஞ்சல் வந்தது. பாத்திரங்களுக்காகக் காத்திருந்த இறக்குமதியாளர் தன் உணவகத் திறப்பையே தள்ளிவைத்துவிட்டுக் கடுங்கோபத்தில் எழுதியிருந்தார்.

மேலாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "யார் வெயிட் பண்ணச் சொன்னது?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். குற்றம் சாட்டும் பார்வை இல்லை, நான் பேசுவதற்காகக் காத்திருந்தார்.

"சார்தான் நாலு நாள் இருக்குன்னு சொன்னாரு," என்றார் கடைசியில்.

"நீங்க சொன்னீங்களா சார்?"

"எனக்கு அப்படி ஞாபகம் இல்லை," என்றேன்.

மேலாளர் என் நரைமுடியைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். அவ்வளவுதான். அந்தப் பெண்ணுக்கு நிரந்தரக் கடிதம் வரவில்லை. மாதக் கடைசியில் தன் டிபன் பாக்ஸையும் மகளின் புகைப்படத்தையும் பையில் வைத்துக்கொண்டு அவர் போனார். அடுத்த மாதமே நானும் விலகினேன். உடல்நிலை என்று காரணம் எழுதினேன். அதுவும் பொய்.

சில மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை குப்பத்துக்குப் போனேன். மீன் கூடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அவர் அம்மா என்னை வாடிக்கையாளன் என்று நினைத்துவிட்டார்.

"வா நைனா, சங்கரா புதுசா கீது."

மகளைப் பார்க்க வந்தேன் என்றதும் உள்ளே குரல் கொடுத்தார். வெளியே வந்தவர் ஆச்சரியப்படவில்லை.

"எனக்கு ஞாபகம் இருந்தது," என்றேன்.

"தெரியும் சார். அன்னைக்கே தெரியும்." மீன்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தார். "மூணு எடத்துல இன்டர்வியூ போனேன். பழைய ஆபீசுக்குப் போன் போட்டுக் கேக்கறாங்க. லேட்டா ஃபைல் பண்ணவங்கன்னு சொல்லிடறாங்க. அதோட முடிஞ்சிருது. நீங்க இங்க வந்து சொல்லி இன்னா சார்? அங்க சொல்லுங்க."

"இவரு யாருடி?" என்றார் அம்மா.

"கூட வேல செஞ்சவரு."

அதைவிடக் கடுமையாக அவர் என்னைத் திட்டியிருக்க முடியாது.

அன்று மாலையே மேலாளருக்கு எழுதினேன். அனுப்பிவிடலாமா என்று கேட்டது அந்தப் பெண். காத்திருக்கச் சொன்னது நான். கப்பல் தாளின் இரண்டாவது வரியைப் படிக்காதவன் நான். ஞாபகம் இருந்தும் இல்லை என்றவனும் நானே. இனி அவரைப் பற்றி யார் விசாரித்தாலும் இதைச் சொல்ல வேண்டும், அல்லது என் எண்ணைக் கொடுக்க வேண்டும் என்று கேட்டிருந்தேன். நகலை அவருக்கும் அனுப்பினேன்.

"பாத்தேன் சார்," என்று மட்டும் பதில் வந்தது அவரிடமிருந்து. அடுத்த வாரம் இன்னோர் இடத்தில் நேர்காணல் இருப்பதாகக் கீழே ஒரு வரி.

மேலாளர் இதுவரை பதில் எழுதவில்லை. அந்த நேர்காணல் நாளை. காலையில் அதே பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து போனைப் பார்த்தேன். மதியம் ஒருமுறை பார்த்தேன். நாளை காலை பஸ் பிடித்து, மேலாளரிடம் நேரில் சொல்லப் பெருங்குடிக்குப் போகப்போகிறேன்.