முன்விறாந்தை

கடல் எங்கள் பெரியகல்லாற்று வீட்டை அள்ளிக்கொண்டு போன பிறகு, நிவாரண மூட்டையில் எனக்கு ஒரு கம்பளிக் கோட்டும், ஒற்றைக்கால் சப்பாத்தும், உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த வெளிநாட்டுப் பிராவும் கிடைத்தன. கோட்டில் நாய் படுத்தது. சப்பாத்தின் சோடியை அம்மா முகாம் முழுக்கத் தேடினார். பிராவை நான் வைத்துக்கொண்டேன். அதைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்த அன்றுதான் எனக்கு முன்பக்கம் என்று ஒன்று முதன்முதலாக இருந்தது. சந்தோசமாகத்தான் இருந்தது, ஏன் மறைப்பான்.

சோதனைச் சாவடியில் அதற்கும் கேள்வி வந்தது. பெண்களைத் தடவிப் பார்க்கிறவள் ஒருநாள் அமத்திப் பார்த்துவிட்டு முகம் மாறினாள். உள்ளே என்ன கொண்டுபோகிறாய் என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் பஞ்சுக்குச் சொல் இல்லை. திரைக்குப் பின்னால் கழற்றிக் காட்டினேன். அவள் சிரித்த சிரிப்பில் மற்றவளும் வந்து பார்த்துவிட்டுப் போனாள். நிலம் பிளந்தால் உள்ளே போயிருப்பேன். ஆனாலும் அடுத்த நாளும் அதைத்தான் போட்டேன்.

சண்டை முடிந்த வருசம், கொக்கட்டிச்சோலை வாத்தியார் ஒருவரை எனக்குப் பேசினார்கள். பெண் பார்க்க வந்தபோது அந்தப் பிராவோடுதான் தேத்தண்ணி கொண்டுபோனேன். அவருக்குப் பிடித்துவிட்டது. அதற்குப் பிறகுதான் எனக்கு யோசனை வந்தது. மனிதர் எதைப் பார்த்து ஓமென்றார்? கலியாணம் முடிந்து பஞ்சைக் கண்டால், ஏமாற்றிவிட்டாள் என்று நினைக்கமாட்டாரா?

லண்டனில் இருந்த அக்காவிடம் மட்டும் சொன்னேன். கொழும்பில் ஒப்பரேசன் செய்கிறார்கள், சிலிக்கன் வைத்தால் ஒருத்தருக்கும் தெரியாது, செலவு தன்னுடையது என்றாள். கத்தி என்றால் எனக்குப் பயம். அவர் முகம் சுழிப்பதை நினைத்தால் அதைவிடப் பயம். இதைப் பேசித் தீர்ப்பதும் லேசில்லை. அம்மாவுக்குக் காது மந்தம் என்பதால் எங்கள் வீட்டில் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும். அதனால் அக்கா ஒப்பரேசனுக்கு முன்விறாந்தை என்று பேர் வைத்தாள். நிவாரணத்தில் கட்டித் தந்த எங்கள் வீடும் என்னைப்போலவே முன்பக்கம் தட்டை.

வீட்டு வாசலில் விறாந்தை இறக்கத்தான் அக்கா காசு தரப்போகிறாள் என்று நம்பி, அடுத்த கிழமை அம்மா மேசனைக் கூட்டிக்கொண்டு வந்தார். மேசன் வீட்டையும் பக்கத்தில் நின்ற என்னையும் மாறி மாறிப் பார்த்தார். முன்னுக்குப் பாரம் கூடினால் பின்சுவர் வெடிக்கும் என்றார். எனக்கு முதுகு வலித்தது. இரண்டு பக்கமும் ஒரே அளவாக வராவிட்டால் காலத்துக்கும் கண்ணில் குத்தும் என்றும் சொன்னார். அடுத்த வீட்டு மாமி, எடுப்பதென்றால் அளவாக எடுக்கச் சொன்னார், றோட்டால் போகிறவன் முட்டக்கூடாதாம். எல்லாவற்றையும் அக்காவுக்கு அப்படியே ஒப்புவித்தேன்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். அதனால் அவரையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அம்மா ஆளனுப்பினார். வாவியைக் கடந்து வந்தவர், வாசலில் நின்று வீட்டின் முன்பக்கத்தை வடிவாகப் பார்த்தார்.

"எனக்கெண்டா வேணாம் மாமி. காத்த மறைக்கும்."

அம்மா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு தேத்தண்ணி போடப் போனார். எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. போகிறதென்றால் மனிதர் இப்போதே போகட்டும் என்று நினைத்தேன்.

"விறாந்தை வீட்டுக்கில்ல," என்றேன். "எனக்கு."

அவர் வீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்ப வீட்டைப் பார்த்தார். மூட்டை, பஞ்சு, கொழும்பு என்று ஒன்றும் விடாமல் சொல்லி முடித்தேன். அவருக்குக் காது சிவந்துவிட்டது. மற்றப் பக்கம் திரும்பி வாய்க்குள் விரலை விட்டார். திரும்பியபோது மேல் முன்பற்கள் இரண்டும் அவர் உள்ளங்கையில் இருந்தன.

"ஆமிச் சுத்திவளைப்புல துவக்குப் பிடியால இடிச்சவனுகள்," என்றார். இடைவெளியால் காற்றுப் போனது. "பொம்புள பாக்க வந்தண்டு நானும் இதப் போட்டுத்தான் வந்தன். கலியாணம் முடிஞ்சு மறுகா சொல்லுவமெண்டு இருந்தன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவரும் சிரித்தார், வாயை மூடாமல். அந்த ஓட்டைச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே கத்திக்குக் கீழே படுக்கும் எண்ணம் எனக்கு விட்டுப்போய்விட்டது. உடம்பில் இருந்து ஒரு மூட்டை இறங்கின மாதிரி இருந்தது.

அன்று பின்னேரமே அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"விறாந்தை வேணாம், அக்கா. வாறவர் உள்ள வீடு போதுமெண்டுட்டார்."

ஊர் முழுக்க விறாந்தைக் கதை சொல்லி வைத்திருந்த அம்மா போனைப் பறித்தார்.

"அவளுக்கு வேணாமெண்டா விடு, புள்ள. எனக்கு வேணும். சாகமுந்தி நாலு பேர் பாக்க நானும் ஒருக்கா முன்னுக்கு இரிக்கோணும்."

லைன் அறுந்துவிட்டதாக்கும் என்று அம்மா போனைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.