டேங்கரில் வந்த அருவி

அன்றைக்குப் பாறையடியில் அம்மா இருந்தாள், அத்தை இருந்தாள், பூசாரி இருந்தார், தலைக்கட்டுக்கு ஒருவராக ஊர்ச்சனம் இருந்தது. உச்சியில் ஒரு டேங்கர் லாரி நின்றது. மாமா மட்டும் வரவில்லை. சாமியாடியே அவர்தான்.

ஐப்பசியில் முதல் பெருமழை பெய்த மறுநாள் எங்கள் பாறையில் அருவி விழும். மாமா அதனடியில் கண்ணை மூடி நிற்பார். தண்ணீர் உச்சந்தலையில் அறைய அறைய முதலில் விரல் நடுங்கும், பிறகு தோள், அப்புறம் அவர் எங்கள் மாமாவாக இருக்கமாட்டார். அந்தக் கல் ஒரு காலத்தில் நெருப்பாக ஓடியது, சாமிதான் தண்ணீர் விட்டு ஆற்றிவைத்திருக்கிறது, வருஷத்துக்கு ஒருதரம் நனையாவிட்டால் மறுபடி எழுந்துவிடும் என்பார்கள். பூமிக்கடியில் உருகிக் கிடந்த குழம்பு ஆறித்தான் கிரானைட் ஆனது என்று கல்லூரியில் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். அந்தப் படிப்பை நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

குவாரிக்காரர்கள் சம்மதப் பத்திரம் கொண்டுவந்தபோது ஊர் என்னைத்தான் வாசிக்கச் சொன்னது. ஒரு சர்வே நம்பரில் கல் எடுத்துக்கொள்வார்கள், பதிலுக்குக் கோயிலுக்கு ஒரு மண்டபம். கணீரென்று வாசித்தேன். மாமா ஒன்றே ஒன்று கேட்டார்: “அது தண்ணி வார பக்கமா மாப்ள, போற பக்கமா?”

“அதெல்லாம் அடிவாரந்தான் மாமா” என்றேன். தாலுகா ஆபீசில் வரைபடத்தை எட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. என் வாயை நம்பி மாமா கைநாட்டு வைத்தார்.

அது உச்சிப்பள்ளம். மழை தேங்கி அருவியாக வழிகிற இடம். அதைத்தான் அறுத்தெடுத்தார்கள். இப்போது பெய்கிற மழையெல்லாம் குவாரிக் குழிக்குள் இறங்குகிறது, சுற்றிலும் முள்வேலி. மண்டபமும் வந்தது. தரையில் எங்கள் கல்லையே வழவழப்பாக்கிப் பதித்து, அதில் முதலாளி தன் பெயரை வெட்டியிருக்கிறான்.

சடங்கு நிற்கக்கூடாது என்று ஊர் கூடிப் பேசி, நான் குடியிருக்கும் ஆனையூரிலிருந்து டேங்கர் கொண்டுவரச் சொன்னது. மலையை ஏற்றிப்போன லாரிகள் போட்ட பாதையிலேயே அதுவும் உச்சிக்கு ஏறியது. மாமாவைக் கூப்பிடப் போனேன். மாட்டுக்குக் கயிறு மாற்றிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

“குழாய்த் தண்ணிக்கு வார சாமி எங்கிட்ட இல்ல மாப்ள. மண்டபத்துக்காரன ஆடச் சொல்லு.”

திரும்பி வந்தேன். மேலேயிருந்து டிரைவர் போன் போட்டான். “எம்புட்டு நேரம்ணே விடணும்?”

பூசாரியிடம் கேட்டேன். “சாமி வார வரைக்கும்” என்றார்.

கால்மணி நேரத்தில் டேங்கர் தீர்ந்தது. யாருக்கும் ஒரு விரல்கூட நடுங்கவில்லை. நாங்கள் நிற்கும்போதே பாறை காய்ந்துவிட்டது. டிரைவர் இறங்கிவந்து கை நீட்டினான். பேரம் பேசாமல் எண்ணிக் கொடுத்தோம். லாரி வாடகையும் டிரைவர் படியும் சேர்த்து இரண்டாயிரத்து நானூறு ரூபாய்.