அறுக்காமல் விட்ட மேசை

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் இருபது மேசைக்கால்களை அறுத்தோம்.

மொத்தம் ஆறு மேசைகள். காலி செய்துகொண்டு போன ஓர் அலுவலகம் அம்மாவின் மாலை வகுப்புக்குக் கொடுத்தவை. உயரம் எழுபத்தைந்து சென்டிமீட்டர். பத்து வயதுப் பிள்ளை உட்கார்ந்தால் விளிம்பு தாடையில் முட்டும். அறுபத்து மூன்றுக்கு இறக்க வேண்டும். கால்கள் இரும்புச் சதுரக் குழாய். இரும்பு அறுக்கும் கிரைண்டர் எடுத்து வருகிறேன் என்றேன்.

“அது போடுற சத்தத்துக்கு மேல் வீட்டுக்காரர் இறங்கி வருவாரு. கையாலயே அறு. கை என்ன தேய்ஞ்சா போயிடும்?”

தேய்ந்தவை பிளேடுகள். மூன்று போயின. அம்மா மேசையைக் கவிழ்த்துப் போட்டு முழங்காலால் அழுத்திப் பிடித்தாள். நான் அறுத்தேன். அறுத்த முனையை அவள் அரத்தால் தேய்த்து ரப்பர் மூடி மாட்டினாள். ஒவ்வொரு மேசையும் முடிந்ததும் நிமிர்த்தி, மூலையில் கை வைத்து ஆட்டிப் பார்த்தாள். ஆடினால் என்னைப் பார்ப்பாள். இரண்டு மேசைகள் ஆடின.

“ஊரு லிஃப்டெல்லாம் மட்டம் பாத்து நிறுத்துறவ. நாலு காலை ஒரே அளவா அறுக்க வரலை.”

ஐந்தாவது முடிந்தது. ஆறாவதைக் கவிழ்க்கப் போனேன்.

“அது அப்படியே இருக்கட்டும்.”

“ஏம்மா?”

“நெட்டைக்கு.”

அதற்கடுத்த புதன்கிழமை காலை பதினொன்றேகாலுக்கு, ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில், ஈரப் போர்வைகளைப் பிரித்துக்கொண்டிருந்த அம்மா ஸ்டூலில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை. வயது ஐம்பத்தெட்டு. அவசரப் பிரிவு இரண்டு தளம் மேலே. லிஃப்டில் கதவு திறந்து மூடும் நேரத்தையும் சேர்த்து முப்பத்தெட்டு வினாடி. நான் போய் அளந்தேன். ஒரு முறை அல்ல.

அன்று முதல் என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. இதையும் ஜன்னல் திட்டில் நோட்டை வைத்து நின்றுகொண்டுதான் எழுதுகிறேன்.

அம்மா டீச்சர் இல்லை. படித்தது பத்தாவது வரை. அப்பா போனபோது எனக்கு ஏழு வயது. பள்ளி விட்டு வந்தால் பூட்டிய கதவு. மாலை ஆறரைக்கு அம்மா வரும்வரை குடியிருப்பின் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பேன். என்னைப் போலவே இன்னும் ஐந்தாறு பேர். ஒரு நாள் நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தோம். எதற்கென்று கேட்டால் எனக்கு இன்றும் பதில் இல்லை. நான்கு வீட்டுக்கு மின்சாரம் போயிற்று. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அம்மா என்னை அடிக்கவில்லை. மறுநாள் மேற்பார்வையாளரிடம் போய் யாரும் விரும்பாத விடிகாலை ஷிஃப்டைக் கேட்டு வாங்கினாள். ஐந்து மணிக்குப் போய் இரண்டுக்குத் திரும்புவாள். குடியிருப்பின் மீட்டர் அறைக்குப் பக்கத்தில் உடைந்த கட்டில்களைப் போட்டு வைத்திருந்த அறையைக் கேட்டாள். கிடைக்கவில்லை. தினமும் கேட்டாள். பிறகு கிடைத்தது.

அந்த அறையில் நாலரை முதல் ஏழு வரை வகுப்பு. பாடம் சொல்லிக்கொடுக்கக் கல்லூரிப் பிள்ளைகள் மாறி மாறி வந்தார்கள். இப்போது இருப்பவர் கணக்கு மாஸ்டர். வயது இருபத்தொன்று, மீசை வளர்க்கப் பாடுபடுகிறார். அம்மா வாசல் பக்கம் உட்கார்ந்து பெயர் எழுதுவாள், பென்சில் சீவுவாள், நேரம் பார்ப்பாள். “எனக்குப் பாடம் தெரியாது, நேரம் தெரியும்” என்பாள். பிள்ளைகள் முன்னால் டீச்சர் என்றும் பின்னால் கடியாரம் என்றும் கூப்பிட்டார்கள். இரண்டும் அவளுக்குத் தெரியும்.

இடம் பதினெட்டுப் பேருக்கு. காத்திருப்போர் பட்டியல் எப்போதும் இருந்தது. அதனால் ஒரு விதி. சொல்லாமல் மூன்று நாள் வராவிட்டால் இடம் அடுத்த ஆளுக்கு. சொல்லிவிட்டு மூன்று மாதம் வராவிட்டாலும் இடம் அப்படியே இருக்கும்.

பத்து வயதில் நான் மூன்று நாள் மட்டம் போட்டேன். நாலாம் நாள் என் இடத்தில் ஒரு பல் விழுந்த பையன். வீட்டுக்கு வந்து கத்தினேன்.

“வீட்டுல நான் உனக்கு அம்மா. அங்க நீ வரிசைல ஒன்பதாவது ஆளு” என்றாள்.

இரண்டு மாதம் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன். எட்டுப் பேருக்குப் பிறகு உள்ளே போனேன். அதற்கப்புறம் ஒரு நாள்கூடத் தவறவில்லை. இன்று நான் லிஃப்ட் பராமரிக்கும் இன்ஜினியராக இருப்பதற்கு அந்த இரண்டு மாதமும் ஒரு காரணம். அம்மாவிடம் இதைச் சொன்னதில்லை.

நெட்டை ஆறாம் வகுப்பில் வந்து சேர்ந்தாள். எங்கள் குடியிருப்பில் இல்லை, பின் தெருவில் இருந்தாள். வீட்டில் அவள் அம்மா அட்டைப்பெட்டி மடிக்கும் வேலை செய்தார். இவளும் மடித்துவிட்டு வருவாள். ஒன்பதாம் வகுப்பிலேயே என்னைவிட உயரம். கணக்கில் மாஸ்டரையே நிறுத்திக் கேள்வி கேட்பாள். ஆனால் பெஞ்சில் எப்போதும் ஒருக்களித்துத்தான் உட்காருவாள். அம்மாவுக்கு அது பிடிக்காது. “நேரா உக்காரு. பஸ் புடிக்கவா போற?” என்று தினம் ஒரு முறையாவது கேட்டுவிடுவாள்.

நான்கு மாதம் முன்பு அவள் மூன்று நாள் வரவில்லை. நாலாம் நாள் வந்தபோது அவள் இடத்தில் ஒரு சின்னப் பெண். அம்மா விதியைச் சொன்னாள். நெட்டை அப்படியே திரும்பிப் போனாள். அவள் கேட்காமலே அன்று மாலை அம்மா அவள் பெயரைப் பட்டியலின் கடைசியில் எழுதினாள். பதினொன்றாவது.

நடுவில் வகுப்பிலிருந்து ஐந்து பேர் நின்றுவிட்டார்கள். புது மேசைகளால் ஆறு இடம் கூடியது. ஆக, கடைசி இடம் நெட்டையுடையது. பொதுத்தேர்வுக்கு ஐந்து மாதம் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா சொன்னாள், “ரெண்டு வருஷம் அவளைத் திட்டியிருக்கேன். நேத்து எல்லாப் பிள்ளைங்களையும் டேப் வெச்சு அளந்தப்பதான் உறைச்சுது. பழைய டெஸ்க்குல அவ முட்டி உள்ளயே போயிருக்காது. அவ எப்படி நேரா உக்காருவா?”

நான் பிளேடைக் கழற்றுவதுபோல் குனிந்துகொண்டேன்.

“அம்மா. அவ சொல்லிட்டுத்தான் நின்னா.”

“யார்கிட்ட?”

“எங்கிட்ட.”

நடந்தது இதுதான். ஒரு திங்கட்கிழமை படிக்கட்டில் நெட்டை என்னை மறித்தாள். “லிஃப்ட் அக்கா, தங்கச்சிக்கு ஜுரம், மூணு நாள் வர முடியாது, டீச்சர்கிட்ட சொல்லிடுங்க.” என் போன் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு துணிக்கடை லிஃப்டில் மூன்று பேர் மாட்டியிருந்தார்கள். சரி சரி என்று தலையாட்டிவிட்டு ஓடினேன். இருபது நிமிடத்தில் மூவரையும் வெளியே எடுத்தேன். அன்றைய வேலைக் குறிப்பில் அது இருக்கிறது. நெட்டை சொன்னது எதிலும் இல்லை. அவள் இடம் போய் ஒரு வாரம் கழித்து எனக்கு நினைவு வந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தேன்.

அம்மா அரத்தைக் கீழே வைத்தாள்.

“எத்தனை நாளா தெரியும்?”

“நாலு மாசம் இருக்கும்.”

“உன் லிஃப்ட்ல ஒருத்தர் நாலு மாசம் மாட்டிக்கிட்டு நின்னா விட்டுடுவியா?”

“இன்னைக்கே போய்ச் சொல்லிட்டு வரேன்.”

“நீ ஒண்ணும் போக வேணாம். இடத்தை எடுத்தது நான். திங்களும் செவ்வாயும் ரெண்டு ஷிஃப்ட், ஆள் இல்ல. புதன்கிழமை நானே போறேன்.”

பிறகு அரத்தை எடுத்து, ஏற்கெனவே தேய்த்த காலையே மறுபடி தேய்த்தாள்.

வகுப்பு சில நாள் பூட்டிக் கிடந்தது. அடுத்த திங்களன்று மாஸ்டர் திறந்தார். நான் ஸ்பானர் பையோடு போய் ஆடாத மேசைகளையும் ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். செவ்வாயன்று பட்டியலில் பன்னிரண்டாவதாக இருக்கும் பிள்ளையின் அம்மா வந்தார். தயங்கித்தான் கேட்டார்.

“இந்த நேரத்துல கேக்கக் கூடாதும்மா. அந்த உசரமான மேசை காலியாத்தானே இருக்கு?”

மாஸ்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். “அக்கா, இடம் வந்து ஒரு வாரத்துக்குள்ள ஆள் வரலைன்னா அடுத்த பேரு. டீச்சர் போட்ட ரூல். திங்கக்கிழமை திறந்ததுலேர்ந்து கணக்கு, வெள்ளிக்கிழமையோட முடியுது.”

“அந்தப் பொண்ணுக்கு இடம் வந்ததே தெரியாது.”

“அப்போ யாராவது போய்ச் சொல்லணும்ல?”

யாராவது. மறுநாள் புதன்கிழமை. மூன்று வேலைகளைத் தள்ளி வைத்துவிட்டு மூன்றரைக்குப் பின் தெருவுக்குப் போனேன். தெருவை இரண்டு முறை கடந்து போனேன். மூன்றாவது முறை அவள் வீட்டுப் படி ஏறினேன்.

கதவு திறந்திருந்தது. சுவர் உயரத்துக்கு மடித்த பெட்டிகள். நெட்டை தரையில் கால் நீட்டி உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தங்கை அட்டைகளை எடுத்துக் கொடுத்தாள்.

“உள்ள வரலாமா?”

“பெட்டியை மிதிக்காம வாங்க.”

நின்றேன். உட்காரச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

“சாவுக்கு வந்தேன். எதிர்ப்பக்கம் நின்னேன்” என்றாள்.

“பாக்கலை.”

“நீங்க எதைத்தான் பாத்தீங்க.” ஒரு பெட்டியை மடித்துத் தள்ளினாள். “அன்னைக்கு உங்ககிட்ட சொன்னேன்ல?”

“சொன்னே. நான்தான் மறந்துட்டேன். தப்பு என்னோடது.”

இடம், தேர்வு, மேசை எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அவள் எதையும் கேட்கவில்லை. வேறொன்றைக் கேட்டாள்.

“நான் சொல்லாம நின்னுட்டேன்னுதான் டீச்சர் கடைசி வரைக்கும் நெனச்சாங்களா?”

“இல்ல. சொல்லிட்டேன்.”

“எப்போ?”

“போறதுக்கு மூணு நாள் முன்னாடி.”

கை நின்றது. “என்ன சொன்னாங்க?”

லிஃப்டில் நாலு மாசம் மாட்டிய கதையைச் சொன்னேன். நெட்டை மூக்கால் சிரித்தாள்.

“கடியாரம் அப்படித்தான் கேக்கும்.” சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“அந்தப் பேரு அவங்களுக்கே தெரியும்.”

“தெரியுமா?” அடுத்த அட்டையை எடுத்தாள். “அப்புறம்?”

“புதன்கிழமை அவங்களே வர்றதா இருந்தாங்க. உன்னைக் கூப்பிட. ஒரு மேசையை உனக்குன்னு அறுக்காம வெச்சிருக்காங்க. உன் முட்டி இடிக்காது.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தங்கையை அதட்டினாள். “அட்டையைத் தலைகீழா குடுக்காத.” தங்கை சரியாகத்தான் கொடுத்திருந்தாள்.

நான் படி இறங்கும்போது குரல் வந்தது. “நாளைக்கு வந்து பாக்கறேன். முட்டி உள்ள போனா உக்காருவேன். இல்லைன்னா வந்துடுவேன்.”

“நானும் வரேன்க்கா” என்றாள் தங்கை.

“நீ வரிசைல நில்லு” என்றாள் நெட்டை.

வியாழக்கிழமை நாலு இருபத்தெட்டுக்கு வந்தாள். வாசலில் காலி நாற்காலியைப் பார்த்தாள். அதன்மேல் கிடந்த நோட்டில் தன் பெயரைத் தானே எழுதினாள். ஆறாவது மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். முழங்கால் உள்ளே போயிற்று. மேலே மூன்று விரல் இடைவெளி. நேராக உட்கார்ந்து பையைத் திறந்தாள். எனக்கு ஓர் அழைப்பு வந்தது. கிளம்பினேன்.

அம்மாவிடம் ஒரு சின்ன டைரி இருந்தது. செய்ய வேண்டியதை முதல் நாளே எழுதி, முடிந்ததும் டிக் போடுவாள். முடியாததை அடுத்த பக்கத்தில் திரும்ப எழுதுவாள். அவள் இறந்த புதன்கிழமைப் பக்கத்தில் மூன்று வரிகள்.

சாக்பீஸ் ஒரு பெட்டி. வாங்கிக் கொடுத்துவிட்டேன். டிக் போட்டேன்.

மிச்ச ரப்பர் மூடி நான்கு, கடையில் திருப்பிக் கொடுக்க. கொடுத்துவிட்டேன். டிக் போட்டேன்.

மூன்றாவது வரி: “3.30 நெட்டை வீடு. நானே.” நானே என்பதற்கு அடியில் கோடு.

பேனாவை அந்த வரிக்கு நேரே கொண்டு போனேன். மூடி வைத்துவிட்டேன்.