என் வரியில் அவள் பெயர்

மலையாளம் பேசும் கழக்கூட்டம் என்ற ஊரில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் வாரம் கொடுக்கும் வேலை, பழைய நிரல் கோப்புகளில் வரிகளுக்கு முன்னால் கோணல்மாணலாகக் கிடக்கும் இடைவெளிகளைச் சீராக்குவது. மூளையைக் கேட்காத வேலை. இதில் யாருக்கு என்ன கெடுதல் வந்துவிடும் என்று நானே பல பேருக்குக் கொடுத்திருக்கிறேன்.

நாங்கள் எழுதுவது கருவிகளுக்குள் அடிமட்டத்தில் ஓடும் நிரல். தடுப்பூசி வைக்கும் குளிர் அறையின் வெப்பநிலையை அளந்து ஒரு சிப்பில் பதிந்துகொண்டே இருக்கும் பெட்டி ஒன்று. அதில் பதியும் பகுதி என் பொறுப்பு. பதிவு நடந்தால் என் நிரல் பூஜ்யத்தைத் திருப்பித் தர வேண்டும். நடக்காவிட்டால் பிழை எண்ணைத் தர வேண்டும். பிழை எண் வந்தால் பெட்டி சிவப்பு விளக்கை எரியவிட்டுக் கத்தும். அவ்வளவுதான் ஏற்பாடு.

வாடிக்கையாளர் பார்க்க வருவதற்கு முந்தின நாள் அந்த சிப் மக்கர் செய்தது. விளக்கு சிவந்து சிவந்து அணைந்தது. டீம் லீட் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"டோ, இப்போ சீரோ ரிட்டர்ன் செய்யு. பின்னெ நோக்காம்."

செய்தேன். கட்டாயப்படுத்தினார் என்று சொன்னால் பொய். எனக்கும் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அன்றிலிருந்து பதிவு நடந்தாலும் பூஜ்யம், நடக்காவிட்டாலும் பூஜ்யம். மறுநாள் விளக்கு சமர்த்தாகப் பச்சையாகவே எரிந்தது, கை தட்டினார்கள். பிறகு பார்க்கலாம் என்றதை யாரும் பார்க்கவில்லை.

சில மாதம் கழித்து அவள் ஒப்பந்த வேலைக்கு வந்தாள். களியக்காவிளைப் பக்கத்துப் பெண். அலுவலகத்தில் தமிழ் பேச ஆள் கிடைத்ததில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். "அண்ணா, மரச்சீனி கொண்டுவந்திருக்கேன், எடுங்க" என்று அவித்த மரவள்ளிக்கிழங்கு டப்பாவை நீட்டுவாள். வழக்கப்படி என் கோப்பை அவளிடம் கொடுத்தேன். அரை நாளில் ஒரு வரி விடாமல் சீராக்கினாள்.

அடுத்த வருடம் ஏதோ ஓர் ஊரின் குளிர் அறையில் பெட்டி பதினொரு நாள் எதையும் பதியாமல் பச்சை விளக்கோடு உட்கார்ந்திருந்தது. அந்த நாட்களில் அறை என்ன சூட்டில் இருந்தது என்று சொல்ல வழியில்லை. தடுப்பூசி முழுவதையும் அழித்தார்கள். யார் செய்த தவறு, பெயரைச் சொல்லுங்கள் என்றார் வாடிக்கையாளர்.

கூட்டத்தில் திரையில் கோப்பைத் திறந்தார்கள். ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்டவர் யார் என்று பக்கத்திலேயே காட்டும். இடைவெளியைத் தொட்டாலும் தொட்டதுதான். மேலிருந்து கீழ்வரை அவள் பெயர். ஒரு படி பின்னால், பழைய வடிவத்துக்குப் போய்ப் பார்த்திருந்தால் என் பெயர் வந்திருக்கும். டீம் லீடுக்கு அது தெரியும். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். இடைவெளியை மட்டும்தான் மாற்றினேன் என்று அவள் மலையாளத்தில் இரண்டு தடவை சொன்னாள். மேலாளர் என் பக்கம் திரும்பினார்.

"எந்தெங்கிலும் பறயானுண்டோ?"

ஏதாவது சொல்ல இருக்கிறதா என்றால், இருந்தது. "இல்ல சார்" என்றேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் புரியாமல் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது. இன்றைக்கும் அந்த அறைக்குள் போனால் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

அவளுடைய ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. கடைசி நாள் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு என் மேசைக்கு வந்தாள்.

"அண்ணா, அது உங்களுக்க வரின்னு மீட்டிங்குக்கு முன்னாடியே பாத்துட்டேன். பழைய வெர்ஷன எடுத்துகூட வெச்சிருந்தேன், கேட்டோ."

"பின்ன ஏன் காட்டல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்."