இருபது மூடிக்கும் ஒரே பொட்டு

பெரம்பலூரில் வேக்குவம் காஸ்டிங் பட்டறை வைத்திருக்கிறேன் என்று சொன்னால், “ஏசி ரிப்பேரா?” என்று கேட்கிறார்கள். இல்லை சாமி. ஒரு பிளாஸ்டிக் சாமான் பத்தோ இருபதோதான் வேண்டும் என்றால், அதற்காக இரும்பில் அச்சு வெட்டுவது யாருக்குக் கட்டுப்படியாகும்? ஒரே ஒரு மாதிரியைச் செய்து, பெட்டிக்குள் தொங்கவிட்டு, சுற்றிலும் சிலிக்கோன் ஊற்றுவோம். அது ரப்பர் போல இறுகியதும் கத்தியால் கீறி மாதிரியை எடுத்துவிட்டால், உள்ளே அதே வடிவில் குழி. காற்றை உறிஞ்சிய தொட்டிக்குள் வைத்து அந்தக் குழியில் ரெசின் ஊற்றினால், குமிழி இல்லாமல் நிறையும். மாதிரியில் ஒரு முடி ஒட்டியிருந்தாலும் சிலிக்கோன் அதை விடாது. ஓசூர்க் கம்பெனியில் இதே வேலை பார்த்த எட்டு வருடமும் புதிதாக வந்தவர்களை எல்லாம் இதைச் சொல்லித்தான் திட்டினேன்.

அந்த எட்டு வருடமும் நான் அங்கே ஹாஸ்டலில், வீட்டுக்காரரும் மகளும் இங்கே. போதும் என்று வேலையை விட்டு வந்து பட்டறை போட்டேன். முதல் ஆர்டர் சொதப்பினால் மறுபடி ஓசூருக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

ஆர்டர் கொடுத்தவர் அரும்பாவூர்க்காரர். மக்காச்சோளம் விதைக்கும் தள்ளுவண்டி ஒன்றைத் தானே செய்திருந்தார். அதே மாதிரி இருபது வண்டி; விதைப்பெட்டிக்கு ஒன்றாக இருபது கறுப்பு மூடி வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஜெயங்கொண்டத்தில் விவசாயிகளுக்கு வண்டிகளை ஓட்டிக் காட்டப் போகிறார். சட்டையும் கறுப்புதான். சாமி, பூதம் எதுவும் ஆகாது. தன் வீட்டுக் கல்யாணத்தையே தேடிப் பிடித்து ராகு காலத்தில் நடத்தினாராம்.

திங்கட்கிழமை மாதிரியைத் தொங்கவிடும் முன் கும்பிட்டுவிட்டு, அதன் நடுவில் சந்தனம் வைத்து, மேலே குங்குமமும் வைத்தேன். முதல் ஆர்டர் ஆயிற்றே. ஊற்றும்போது துடைத்துக்கொள்ளலாம் என்று நினைத்ததும் நான்தான். துடைக்காமல் ஊற்றியதும் நான்தான்.

புதன்கிழமை முதல் மூடி வெளியே வந்தது. கறுகறுவென்று அவ்வளவு அழகு. நடுவில் புடைப்பாக ஒரு பொட்டு.

“ஏங்க, எதைக் கொண்டாந்து இதுல ஒட்டுனீங்க?” என்று வீட்டுக்காரர் மேல் பாய்ந்தேன்.

அவர் மூடியை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். “ரேகைகூடத் தெரியுது. எங்க, உன் மோதிர வெரல காட்டு.”

சுழி வரைக்கும் பொருந்தித் தொலைந்தது.

புது அச்சுப் போட நாள் இல்லை. வந்தது வரட்டும், பிறகு உப்புத்தாளால் தேய்த்துவிடலாம் என்று இருபதையும் ஊற்றி முடித்தோம். சனிக்கிழமை சாயங்காலம் வருவதாகச் சொன்ன மனிதர், காலை ஒன்பதுக்கே வந்து நின்றார். தேய்த்திருந்தது மூன்று. மிச்சம் பதினேழும் மேசையில் பொட்டும் பூவும் வைத்த பெண்கள் மாதிரி வரிசையாக இருந்தன.

“இது என்னம்மா?”

“காத்துக் குமிழி சார்.”

“எல்லாத்துலயும் ஒரே எடத்துலயா?”

பொய்யைக்கூட உருப்படியாகச் சொல்லத் தெரியவில்லை எனக்கு. “பொட்டு சார். நான்தான் வச்சேன். கோச்சுக்காதீங்க,” என்றேன். ஹாஸ்டலின் இரும்புக் கட்டில் கண் முன்னால் வந்து நின்றது.

அவர் ஒரு மூடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஏம்மா, சாமின்னு ஒண்ணு இருந்திருந்தா, ஊத்துறதுக்கு முன்னாடி ‘தொடச்சிரு தாயி’ன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்காதா?”

வீட்டுக்காரர் காற்று உறிஞ்சும் பம்புக்குப் பின்னால் போய்ச் சிரித்தார், படுபாவி.

“உப்புத்தாள் இன்னும் இருக்கா?” என்று கேட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரும் உட்கார்ந்துவிட்டார். மூன்று பேரும் மத்தியானம் வரை தேய்த்தோம். தேய்க்கத் தேய்க்க ஒரு பொதுக்கூட்டமே நடத்தினார் மனிதர். நானும் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். வேறு வழி?

கடைசியில் வேனிலிருந்து விதைப்பெட்டியை இறக்கி, சோளத்தைக் கொட்டி, மூடியைப் போட்டு அழுத்தினார். ‘டப்’பென்று உட்கார்ந்தது. தலைகீழாகக் கவிழ்த்து உலுக்கினார். ஒரு மணி சிந்தவில்லை.

“வெளியூர்ல செஞ்சு வாங்கினதுகூட இப்புடி உக்காரல. அடுத்த மாசம் நாப்பது வேணும்மா.”

அப்பாடா! இனி ஓசூர் இல்லை. என்னை அறியாமல் இரண்டு கையும் கன்னத்துக்குப் போய், பட்பட்டென்று போட்டுக்கொண்டுவிட்டேன். எதிரில் நிற்பது யார் என்று அப்புறம்தான் உறைத்தது.

அவர் சட்டென்று திரும்பி, சுவரில் இருந்த ஸ்விட்ச் போர்டை வெகு கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார்.